வெள்ளம் வடிந்த வாரத்தில் பத்தாயிரம் பேருக்கு டாக்சிசைக்ளின்

வெள்ளம் புகுந்த ஊரில் முதல் மூன்று நாளும் படகு, பால், பிரெட், போர்வை என்றே போகும். நான்காம் நாள் தண்ணீர் வடியத் தொடங்கும். வீட்டைக் கழுவ எல்லோரும் சேற்றில் இறங்குவார்கள். காலில் செருப்பு இருக்காது. விரல் இடுக்கில் சேற்றுப்புண். எலிக்காய்ச்சலுக்கான நாள் கணக்கு அங்கே தொடங்குகிறது.

எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமி எலி, மாடு, நாய், பன்றி ஆகியவற்றின் சிறுநீரோடு தண்ணீரில் கலந்து, தோலில் உள்ள வெடிப்பு வழியாகவும் கண், மூக்கு, வாயின் ஈரச்சவ்வு வழியாகவும் உடலுக்குள் போகிறது. காய்ச்சல் காண 2 முதல் 30 நாள் ஆகலாம். பெரும்பாலும் 5 முதல் 14 நாள். அதனால் வெள்ளச் செய்தி நாளிதழின் முதல் பக்கத்தை விட்டு இறங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரியில் கூட்டம் ஏறும். 2018-ல் கேரளத்தில் ஆகஸ்ட் நடுவில் வெள்ளம். எலிக்காய்ச்சல் பெருகியது ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும். 2024 நவம்பர் கடைசியில் பெய்த பெருமழைக்குப் பின், டிசம்பரில் யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கம் அடுத்தடுத்துச் சாவுகள் நேர்ந்தபோதும் காரணம் இதே காய்ச்சல்தான் என்று தெரியவந்தது. தடுப்பு மாத்திரை கொடுக்க நினைப்பவர்களுக்குக் கையில் இருப்பது, தண்ணீர் வடியத் தொடங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரம்.

மருந்து எளிது: வளர்ந்தவர்களுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் 200 மி.கி., அதாவது 100 மி.கி. மாத்திரை இரண்டு, வாரம் ஒரு முறை. சேற்றிலும் தேங்கிய நீரிலும் புழங்கும் வரை இது தொடரும். ஆறு வாரத்துக்கு மேல் நீட்டுவதில்லை என்பது வழக்கமான வரம்பு. சிக்கல் மருந்தில் இல்லை. கிடங்கிலிருந்து கிளம்பிய மாத்திரைக்கும் தொண்டைக்குள் இறங்கிய மாத்திரைக்கும் இடையில் எவ்வளவு கழியும் என்பதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக டி.இ.சி. மாத்திரை கொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. "விநியோகம்" என்று பதிவேட்டில் ஏறும் எண் ஒன்று, உண்மையில் விழுங்கியவர்களின் எண் வேறு. அலமாரி மேல் சாமி படத்துக்குப் பின்னால் செருகிய மாத்திரை பதிவேட்டில் "கொடுக்கப்பட்டது"தான். 2001-ல் அமெரிக்காவில் கடித உறைகளில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய கிருமியின் தூள் வந்தபோது சுமார் 10,000 பேரை 60 நாள் மருந்து சாப்பிடச் சொன்னார்கள். உயிர் பயம், இலவச மருந்து, தொலைக்காட்சியில் நாள் முழுக்க அதே செய்தி. அப்படியிருந்தும் முழுக் காலமும் ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் 44 சதவீதம்தான். ஆகவே திட்டத்தின் எல்லா எண்ணையும் "விழுங்கியவர்கள்" என்ற எண்ணிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

முதலில் யாருக்கு என்பதை முடிவு செய்ய வேண்டும். ஊருக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் அள்ளிக் கொடுப்பது பெருமையாகத் தெரியும், மருத்துவமாகத் தெரியாது. பனாமாவில் காட்டுப் பயிற்சிக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களிடம் நடந்த சோதனையில், வாரம் 200 மி.கி. சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 20 பேருக்கும் நோய் வந்தது. அவர்கள் சில வாரம் மட்டும் நோயிடத்தில் இருந்த திடகாத்திரமான இளைஞர்கள். அந்தமானில், ஆண்டு முழுக்க நோய் புழங்கும் ஊர்க்காரர்களிடம் நடந்த சோதனையில் கிருமி தொற்றுவது குறையவில்லை. காய்ச்சலாக வெளிப்படுவது மட்டும் 6.8 சதவீதத்திலிருந்து 3.1 சதவீதமாக இறங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்த மருந்து சேற்றில் இறங்கியவருக்கு, இறங்கும் காலத்துக்கு மட்டும் உதவும் கருவி. மாடிவீட்டில் இருந்துகொண்டு ஜன்னல் வழியாக வெள்ளத்தைப் பார்த்தவருக்குத் தேவையில்லை. மீட்புப் பணியாளர், தூய்மைப் பணியாளர், வீட்டைக் கழுவியவர், வயலில் இறங்குபவர், மாடு வைத்திருப்பவர், சாக்கடை அடைப்பு எடுப்பவர் ஆகியோரின் பட்டியலைத் தெருவாரியாக எழுதினால் மொத்த எண்ணிக்கை பாதிக்கு மேல் குறையும். தூய்மைப் பணியாளர்களில் ஒப்பந்தக்காரர் மூலம் வெளியூரிலிருந்து வந்தவர்கள் எந்தத் தெருப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். அதிக ஆபத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் பெயரை ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

இனிக் கணக்கு. சேற்றில் புழங்கியவர்கள் 10,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வயதுக்குக் கீழ் 1,000, எட்டு முதல் பதினான்கு வரை 1,000, கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் 200, மீதி 7,800. வளர்ந்தவருக்கு வாரம் இரண்டு மாத்திரை, எட்டு முதல் பதினான்கு வயதுக்கு ஒன்று. ஆக வாரத்துக்கு 15,600 கூட்டல் 1,000, அதாவது 16,600 மாத்திரை. ஆறு வாரத்துக்கு 99,600. நனைந்தது, கீழே விழுந்தது, வாந்தி எடுத்து மறுபடி கொடுத்தது எனப் பத்து சதவீதம் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பத்து மாத்திரை ஸ்ட்ரிப், பத்து ஸ்ட்ரிப் பெட்டி என்றால் 1,100 பெட்டி. எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்காதீர்கள். முதல் தவணையாக இரண்டு வாரத்துக்கான 36,500 மாத்திரை போதும். மூன்றாம் வாரம் வருகை குறையும், சேறும் காயும். அப்போதைய எண்ணிக்கையைப் பார்த்து மறு தவணை கேட்கலாம். ஆறு வாரத்துக்கான பன்னிரண்டு மாத்திரையையும் முதல் நாளே மக்கள் கையில் கொடுக்கும் யோசனை ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவரிடமிருந்து வரும். வேலை மிச்சம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் "நாளைக்கு ரெண்டு" என்று ஆறு நாளில் முடித்துவிடுபவர், ஊரிலிருந்து வந்த மச்சானுக்குப் பாதியைக் கொடுப்பவர், காய்ச்சல் வந்ததும் அதையே வைத்தியமாக எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வராதவர் என மூன்று தொல்லை சேர்ந்து வரும். மூன்றாவதுதான் உயிரைக் குடிக்கும்.

தமிழ்நாட்டில் அரசு மருந்து மாவட்டக் கிடங்குகளிலிருந்து வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழக்கமாக இருக்கும் டாக்சிசைக்ளின் இருப்பு இந்த எண்ணுக்கு ஒரு மூலைக்குக்கூடக் காணாது. மழைக்காலம் தொடங்கும் முன்பே தேவையை எழுதி வைத்திருந்தால்தான் நான்காம் நாள் லாரி வரும். பெட்டியை இறக்கும் இடம் தரைத்தளமாக இருக்கக் கூடாது என்பது சொல்லாமலே தெரிய வேண்டிய விஷயம். ஆனால் பெரும்பாலான அரசுக் கட்டடங்களில் மருந்து அறை தரைத்தளத்தில்தான் இருக்கிறது. மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெயில் படாமல் அடுக்க வேண்டும். முதலில் காலாவதியாகும் பெட்டி முன்னால் நிற்கட்டும். பழசாகி நிறம் மாறிய டெட்ராசைக்ளின் வகை மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்த வரலாறு உண்டு. "ஒரு மாசம்தானே தாண்டியிருக்கு" என்ற பேச்சுக்கு இந்த மருந்தில் இடமே இல்லை.

ஸ்ட்ரிப்பை இரண்டிரண்டாகக் கத்தரித்து முன்கூட்டியே தயார் செய்து வைப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பல ஸ்ட்ரிப்களில் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் ஒரு ஓரத்தில் மட்டுமே அச்சாகியிருக்கும். கத்தரித்தால் ஐந்து துண்டில் நான்கு அனாதை. பக்கத்து மேசையில் இருக்கும் வேறொரு வெள்ளை மாத்திரையோடு அது கலந்தால் பிரிக்கவே முடியாது. கண்ணெதிரே ஸ்ட்ரிப்பிலிருந்து எடுத்துக் கையில் வைத்து விழுங்க வைப்பது மேல். காலி ஸ்ட்ரிப்பைக் குப்பையில் போடாமல் ஒரு பையில் சேர்த்தால் மாலையில் கணக்குச் சரிபார்க்கலாம். காலி ஸ்ட்ரிப் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கினால் செலவான மாத்திரை. வளர்ந்தவர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, சிறுவர் எண்ணிக்கையைக் கூட்டினால் செலவாகியிருக்க வேண்டிய மாத்திரை. இரண்டும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் விலகினால், யாரோ வீட்டுக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள் அல்லது சிறுவர்களுக்கும் இரண்டு போகிறது.

கேப்ஸ்யூல் வேண்டுமா மாத்திரை வேண்டுமா என்று கிடங்கில் கேட்டால், மாத்திரை என்று சொல்லுங்கள். கேப்ஸ்யூல் உறை ஜெலட்டின். அது மாட்டிலிருந்தோ வேறு விலங்கிலிருந்தோ வந்தது என்று யாராவது ஒருவர் வரிசையில் சொன்னால் போதும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் மாலை போட்ட சாமிமார் தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். தொண்டையில் ஒட்டிக்கொள்வதும் கேப்ஸ்யூல்தான் அதிகம்.

ஒட்டிக்கொள்வது சிறிய விஷயமல்ல. டாக்சிசைக்ளின் உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும். இரண்டு நாள் எச்சில் விழுங்கவே முடியாத வலி. எனவே ஒரு முழு டம்ளர் தண்ணீர், நின்றோ உட்கார்ந்தோ. விழுங்கிய பின் குறைந்தது அரை மணி நேரம் படுக்கக் கூடாது. படுக்கப் போகும் நேரத்தில் கொடுக்கவே கூடாது. தண்ணீர்க் கணக்கைப் பெரும்பாலான திட்டங்கள் மறந்துவிடுகின்றன. ஆளுக்கு 200 மில்லி என்றால் 10,000 பேருக்கு 2,000 லிட்டர். 20 லிட்டர் கேன் நூறு. வெள்ளம் வந்த ஊரில் குடிதண்ணீருக்கே அடிபிடி இருக்கும்போது, இந்த நூறு கேனுக்கு முதல் நாளே லாரி சொல்லி வைக்காவிட்டால் பத்து மணிக்கு முகாம் நின்றுவிடும். இல்லையென்றால் ஒரு மடக்குத் தண்ணீரில் இரண்டு மாத்திரையை இறக்கச் சொல்வார்கள். அடுத்த வாரம் அந்தத் தெருவில் பாதிப்பேர் வர மாட்டார்கள்.

வெறும் வயிறு இன்னொரு வில்லன். காலை ஒன்பது மணிக்கு முகாம் திறந்தால் வருகிறவர்களில் பலர் டீ மட்டும் குடித்தவர்கள். பதினைந்தாவது நிமிடம் ஒருவர் வாந்தி எடுப்பார், அதைப் பார்த்து இன்னொருவர், அதற்குள் யாரோ கைப்பேசியில் படம் எடுத்திருப்பார். கேரளத்தில் 2018-ல் இந்த மருந்தைச் சாப்பிடாதீர்கள் என்று சமூக ஊடகத்தில் பரப்பியதற்காக இயற்கை வைத்தியர் ஒருவரைக் கைது செய்யும் அளவுக்குப் போனது. வதந்திக்குத் தீனி போடாமல் இருப்பது கைதைவிடச் சுலபம். நிவாரண முகாமில் என்றால், மதியச் சாப்பாடு முடிந்து தட்டு கழுவும் இடத்தருகே மேசை போடுங்கள். சாப்பிட்டவர் மட்டுமே அந்த வழியாக வருவார். கையில் டம்ளரும் இருக்கும். தெருவில் என்றால் ஒன்றரை மணிக்கு மேல், அல்லது மாலை ஆறுக்கு மேல். பால், தயிர், வயிற்றெரிச்சல் மருந்து, இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்ந்தால் மருந்து உடலில் ஏறுவது குறையும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நிவாரணத்தில் பால் பாக்கெட் கொடுக்கும் அதே மேசையில் இதையும் கொடுப்பது அடிக்கடி நடக்கிற தவறு.

அடுத்து வரிசை. இரண்டு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 16 மணி நேரத்தில் 10,000 பேர், மணிக்கு 625. இப்போது கையில் ஸ்டாப்வாட்ச் வேண்டும். கேள்வி கேட்டு யாருக்கு எந்த மருந்து என்று பிரிக்கும் தேர்வு மேசையில் ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றால் மணிக்கு 60. ஆனால் டாக்டரைக் கூப்பிடும் நேரம், பாட்டிக்கு இருமுறை சொல்லும் நேரம், பேனா தீரும் நேரம் எல்லாம் கழித்து ஐந்தில் நான்கு பங்கு மட்டும் எடுங்கள்: 48. ஆகவே 13 மேசை. அதே மேசையில் ஆதார் எண், கைப்பேசி எண், அப்பா பெயர், கையெழுத்து என்று மூன்று நிமிடப் படிவம் வைத்தால் மணிக்கு 16 பேர். 39 மேசை வேண்டும். எந்த மாவட்டத்தாலும் 39 மேசைக்கு ஆள் போட முடியாது. மேசையைக் கூட்ட முடியாத இடத்தில் கேள்வியைக் குறைப்பதுதான் ஒரே வழி, இதை மேலிடத்துக்குப் புரிய வைப்பதுதான் திட்டமிடுபவரின் மிகக் கடினமான வேலை. அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் தாக்குதலுக்கு எதிராக 48 மணி நேரத்தில் நகரம் முழுவதற்கும் மருந்து சேர்க்க வேண்டும் என்று 2004-ல் பெருநகரங்களுக்கென ஒரு திட்டம் தொடங்கினார்கள். அங்கேயும் போட்டுப் பார்த்த கணக்கு இதுதான். வீட்டுக்கு ஒருவர் வந்து எல்லோருக்கும் வாங்கிப் போகலாம் என்ற ஏற்பாடும் அதிலிருந்து பிறந்தது. அங்கே நேரம்தான் எமன், அதனால் அது சரி. எலிக்காய்ச்சலுக்கு நமக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை. கண்ணெதிரே விழுங்க வைக்க நேரம் இருக்கிறது.

கேள்விகள் எவை? காய்ச்சல் இருக்கிறதா, வயது எட்டுக்குக் கீழா, கர்ப்பமா, பால் கொடுக்கிறவரா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, வலிப்புக்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ தினசரி மாத்திரை உண்டா. ஆறுக்கும் "இல்லை" என்றால் நேரே மாத்திரை மேசை. ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் டாக்டர் மேசை. வெள்ளை டோக்கன் இரண்டு மாத்திரை, மஞ்சள் டோக்கன் ஒன்று, சிவப்பு டோக்கன் டாக்டர். டோக்கனில் எழுத்து வேண்டாம், நிறம் போதும்.

மூன்றாவது கேள்வியைக் கேட்கும் விதம் தனிக்கலை. வரிசையில் மாமியாரோடு நிற்கும் புதுப்பெண்ணிடம் ஓர் ஆண் ஊழியர் "கர்ப்பமா?" என்று உரக்கக் கேட்டால் பதில் "இல்லை"தான். பெண்களுக்குத் தனி வரிசை, அங்கே கிராம சுகாதார செவிலியரோ அங்கன்வாடிப் பணியாளரோ, தாழ்ந்த குரலில் "நாள் தள்ளிப் போயிருக்காம்மா?" என்று கேட்க வேண்டும். செவிலியரிடம் பகுதிக் கர்ப்பிணிப் பட்டியல் இருக்கும். அதில் ஏறாத முதல் இரண்டு மாதக்காரர்கள்தான் தவறிப் போகிறவர்கள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசினோ அமாக்சிசிலினோ, எவ்வளவு என்பதை மருத்துவ அலுவலர் மாவட்ட ஆணைப்படி முடிவு செய்வார். அமாக்சிசிலின் என்றால் பென்சிலின் ஒவ்வாமையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

குழந்தைகளுக்கு அசித்ரோமைசின், வழக்கமாகக் கிலோவுக்கு 10 மி.கி. ஆக எடை பார்க்கும் கருவி இல்லாத முகாம் குழந்தை முகாம் ஆகாது. 14 கிலோ குழந்தைக்கு 140 மி.கி.; 5 மில்லியில் 200 மி.கி. உள்ள சிரப்பில் 3.5 மில்லி. இதே மருந்து 5 மில்லியில் 100 மி.கி. ஆகவும் வருகிறது, பாட்டிலும் அட்டையும் ஒன்றுபோலவே. இரண்டும் ஒரே மேசையில் இருந்தால் ஒரு குழந்தைக்குப் பாதி அளவு, இன்னொன்றுக்கு இரட்டை அளவு போவது நிச்சயம். ஒரே வலிமையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றதைத் திருப்பி அனுப்புங்கள். எடைக்கு எத்தனை மில்லி என்ற அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டால், மனக்கணக்குப் போட வேண்டியிருக்காது. மூடி அளவு நம்பத்தக்கதல்ல. ஊசியில்லாத சிரிஞ்ச் வேண்டும். எட்டு வயதா ஏழா என்ற தகராறில் பள்ளி வகுப்பைக் கேட்டால் விடை கிடைக்கும். இரண்டாம் வகுப்பும் அதற்குக் கீழும் என்றால் சிரப். எல்லாக் குழந்தைக்கும் தேவையுமில்லை. சேற்றில் விளையாடியதா என்று மட்டும் பாருங்கள்.

காய்ச்சல் கேள்வியை வரிசையின் வாயிலிலேயே, டோக்கனுக்கு முன்பே கேட்க வேண்டும். காய்ச்சல், கெண்டைக்காலில் கடுமையான வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்று வருபவருக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்து அனுப்புவது பெரும் பிழை. வாரம் 200 மி.கி. சிகிச்சை அல்ல. லேசான நோய்க்கே தினம் இருவேளை 100 மி.கி. வீதம் ஏழு நாள் வேண்டும். சிறுநீரகமோ நுரையீரலோ தொட்டுவிட்டால் ஊசி, படுக்கை. "நான்தான் எலிக்காய்ச்சல் மாத்திரை போட்டுட்டேனே" என்று ஐந்து நாள் வீட்டில் கிடப்பவர்தான் கடைசியில் டயாலிசிஸுக்கு வருகிறார். அட்டையின் பின்புறம் வேறெதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. "மாத்திரை போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்தால் அன்றே வாருங்கள்" என்ற வரி இருக்க வேண்டும். அதே மழையில் டெங்கும் வரும். இந்த மாத்திரை அதைத் தடுக்காது.

முகாமா, வீடு வீடாகவா? பத்தாயிரம் பேர் என்பது சுமார் 2,500 வீடு. இருவர் கொண்ட ஒரு குழு நாளைக்கு 50 வீடு பார்க்கும். இரண்டு நாளில் முடிக்க 25 குழு, 50 ஆள். முகாம் என்றால் ஐந்து இடம். ஒவ்வொன்றிலும் மணிக்கு 125 பேர். தேர்வு மேசைக்கு மூவர், மாத்திரை மேசைக்கு இருவர், டாக்டர் ஒருவர், வாயிலில் ஒருவர், தண்ணீருக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர்; ஒன்பது பேர், ஐந்து இடத்துக்கு 45. பார்த்தால் ஆள் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். பகலில் கூலிக்குப் போனவரின் பூட்டிய வீடு வீட்டு வருகைக்குத் தப்பும். நடக்க முடியாத தாத்தா முகாமுக்குத் தப்புவார், ஆனால் தாத்தா சேற்றில் இறங்கியிருக்க மாட்டார். எங்கள் ஓட்டு மாலை முகாமுக்கு. பூட்டிய வீடுகளின் பட்டியலோடு மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு ஒரு சுற்று. கேரளத்தில் "டாக்சி கார்னர்" என்று மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் ஒரு மூலையை ஒதுக்கி வைத்தார்கள். தவறியவர்கள் பின்னால் வந்து சேர அதுபோல ஒன்று அவசியம்.

வாரத்தில் ஒரு கிழமையை "மாத்திரை நாள்" என்று நிலையாக வைப்பது எளிய உத்தி. சனிக்கிழமை வேண்டாம். வாரக்கூலி கிடைக்கும் மாலை அது, "மாத்திரை போட்டா குடிக்கக் கூடாதாமே" என்ற பேச்சு ஒரு மணி நேரத்தில் ஆண்கள் வரிசையைக் காலி செய்துவிடும். இதற்கு ஊழியர்கள் சொல்ல வேண்டிய பதிலை முன்கூட்டியே ஒரே மாதிரி முடிவு செய்ய வேண்டும்: மாத்திரையை விடாதீர்கள், இன்று குடியை விடுங்கள். இதற்கு மேல் பிரசங்கம் செய்தால் இரண்டும் கெடும். இலங்கையில் பெரும்போக வயல் வேலை நாட்களில் விவசாயிகளுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழியாக இம்மருந்து போகிறது. அங்கே நாளை வயல் வேலையை ஒட்டி வைப்பதுதான் பொருத்தம்.

பதிவுக்கு ஆறு கட்டம் போட்ட ஓர் அட்டை, அதில் தேதி முத்திரை, அவ்வளவுதான். மக்கள் அட்டையைத் தொலைப்பார்கள் என்பதால் தெருவாரிப் பட்டியலில் கோடு போடுவதும் கூடவே நடக்க வேண்டும். போலியோ சொட்டு மருந்துபோல விரலில் மை வைப்பது ஒரு நாள் முகாமுக்கு நல்லது. இரண்டாம் வாரம் பழைய மையா புது மையா என்ற குழப்பம் வரும், வாரத்துக்கு ஒரு விரல் என்று மாற்றிக்கொள்ளலாம்.

டாக்டர் மேசைக்குக் கீழே ஒரு பெட்டி: அட்ரினலின், சிரிஞ்ச், ஓ.ஆர்.எஸ்., ரத்த அழுத்தக் கருவி, ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் எண். உண்மையான ஒவ்வாமை அதிர்ச்சிக்கு வளர்ந்தவருக்கு அட்ரினலின் 0.5 மி.கி., தொடைத் தசையில். தேடிக் கொண்டிருக்க நேரமில்லை. விழுங்கி அரை மணிக்குள் வாந்தி எடுத்தால், ஏதாவது சாப்பிட வைத்து ஒரு முறை மட்டும் மறுபடி கொடுக்கலாம். அதற்கு டாக்டர் சொல்ல வேண்டும். வெயிலில் வேலை செய்பவர்களுக்குத் தோல் சீக்கிரம் கறுத்து எரியும் என்று முன்பே சொல்லி விடுங்கள். சொல்லாமல் விட்டால் அது "பக்க விளைவு", சொல்லிவிட்டால் "அவங்க சொன்னதுதான்".

முகாம் திறப்பதற்கு முதல் நாள் மாலை, ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாருமாக ஐம்பது பேரை வரிசையில் விட்டு ஸ்டாப்வாட்சில் ஓட்டிப் பாருங்கள். எந்த மேசைக்கு முன்னால் கூட்டம் தேங்குகிறதோ அங்கே ஒரு கேள்வி அதிகமாக இருக்கிறது. நுழைவும் வெளியேற்றமும் ஒரே கதவாக இருந்தால் அன்றே தெரிந்துவிடும். மழை வந்தால் வரிசை எங்கே நிற்கும் என்பதும் தெரியும். பெரும்பாலும் மருந்துப் பெட்டி இருக்கும் தாழ்வாரத்தில்தான் நிற்கும்.

ஆறாம் வாரம் முடிந்ததும் மீந்த பெட்டிகளை எண்ணி, பிரிக்காதவற்றைத் தொகுதி எண்ணோடு கிடங்குக்கே திருப்பி அனுப்புங்கள். பிரித்த ஸ்ட்ரிப்களை ஆரம்ப சுகாதார நிலையத்து வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றும்போது, நனைந்த அட்டைப்பெட்டியில் இருந்தவற்றைத் தனியே ஒதுக்கி அழிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் மருந்தாளுநரும் மருத்துவ அலுவலரும் கையெழுத்திட்டு வைத்தால், அடுத்த ஐப்பசியில் எத்தனை பெட்டி கேட்பது என்ற கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.